பைனாகுலருக்குள் அரை டம்ளர் தண்ணீர்

அந்தப் பைனாகுலர் நனைந்ததற்கு நான்தான் காரணம் என்பதை அன்றைக்கே ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட விதம்தான் என் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. தவறு செய்தவன் மன்னிப்புக் கேட்பது உலக வழக்கம். நான் விளக்கம் சொன்னேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சமூகவியலில் பட்டம் பெற்றிருந்த நான், கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் காலனிக்குப் பின்னால் இருந்த ஏரியைக் காப்பாற்றுவதை முழுநேர வேலையாகவும், வேலை தேடுவதைப் பகுதிநேர வேலையாகவும் வைத்துக்கொண்டிருந்தேன். ஏரியில் லாரி லாரியாக மண் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்கக் கோரி கலெக்டருக்கு ஒரு மனு அனுப்ப வேண்டும்; மனுவோடு, அந்த ஏரியை நம்பி எத்தனை நீர்ப்பறவைகள் வாழ்கின்றன என்ற பட்டியலையும் இணைக்க வேண்டும் என்பது என் திட்டம். பதினேழு காலைகள் கரையில் நின்று எண்ணினேன். பதினேழாவது காலையில் மழை பிடித்துக்கொண்டது. என்னிடம் இருந்தது ஒரே குடை. கையில் பட்டியல் எழுதிய நோட்டு, கழுத்தில் பைனாகுலர். பொதுநலனுக்கான ஆவணமும் ஒரு கருவியும் ஒரே மழையில் நிற்கும்போது எதைக் காப்பது என்பதில் எனக்குத் தடுமாற்றமே இருக்கவில்லை. குடையை நோட்டின் மேல் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"நோட்டை சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டு குடையை பைனாகுலருக்குப் பிடிச்சிருந்தா ரெண்டும் பிழைச்சிருக்கும்டா. அது உன் தத்துவத்துல வராதோ?"

வரவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

அந்தப் பைனாகுலர் எங்களுடையதன்று. அக்கா ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் தற்காலிக டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தாள். துறையின் கண்ணாடி அலமாரியில், உலகப் போர்க் காலத்து ராணுவப் பைனாகுலர் ஒன்று, யாரும் தொடாமல் பல ஆண்டுகளாகக் கிடந்தது. களப்பணிக்கு என்று வழங்கல் நோட்டில் கையெழுத்திட்டு, எனக்காக அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். களம் என் ஏரி, பணி என்னுடையது, கையெழுத்து மட்டும் அவளுடையது. துறைப் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகத் துறைத்தலைவரின் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஏரி காத்திருக்காது என்று நான்தான் அவளை அவசரப்படுத்தினேன்.

மறுநாள் காலை எடுத்துப் பார்த்தபோது இரண்டு குழல்களும் நீர்மோராகிவிட்டிருந்தன. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஒரு நிழலாகத்தான் தெரிந்தது. அன்று மாலை அக்கா கல்லூரியிலிருந்து கொண்டுவந்த செய்தி அதைவிட மங்கலானது. துறைத்தலைவர் அந்த ஆண்டோடு ஓய்வு பெறுகிறார். பொறுப்பை ஒப்படைக்கும் முன் துறையின் பொருள்களை எல்லாம் சரிபார்க்கப் போகிறார்கள். இன்னும் பதினாறு நாள். சரிபார்க்க வருபவர் வணிகவியல் பேராசிரியர். முந்தைய ஆண்டு வேறொரு துறையில், எலும்புக்கூட்டின் விரல் எலும்புகளைக்கூட உட்கார்ந்து எண்ணியவர் என்று அவருக்குப் பெயர். அக்காவின் பணி நீட்டிப்பு ஒவ்வொரு செமஸ்டருக்கும் புதிதாக வர வேண்டும். அனுமதியில்லாமல் வெளியே போன பொருள் பழுதாகித் திரும்பினால், நீட்டிப்புக்குப் பதிலாக எது வரும் என்பதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்பாவின் ஓய்வூதியத்தோடு அவள் சம்பளம்தான் அந்த வீட்டின் வருமானம். என்னுடையது கொள்கை அளவில் இருந்தது.

நான் வழக்கம்போல விளைவுகளை எடைபோட்டேன். வெயிலில் வைக்கலாம், ஐப்பசியில் வெயில் இல்லை. அரிசிக்குள் புதைக்கலாம் என்றாள் அம்மா. அரிசித் தூசி உள்ளே போனால் என்னாவது என்று நான் தடுத்துவிட்டேன். மேற்குத் தாம்பரத்தில் கேமரா பழுதுபார்க்கும் ஒருவரிடம் போனேன். பிரித்தால்தான் துடைக்க முடியும், ஆனால் உள்ளே இருக்கும் பட்டகக் கண்ணாடி மயிரிழை நகர்ந்தாலும் பார்வை இரட்டையாகிவிடும் என்றார்.

"ஒரு கொக்கு ரெண்டா தெரியும் சார். உங்க மனுவுக்கு அது நல்லதுதானே?"

நான் சிரிக்காமல், அது நேர்மையான எண்ணிக்கையாகாது என்று பதில் சொன்னேன். அவர் பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனேன். பழைய லென்ஸ் விற்பவர் யாராவது யோசனை சொல்லக்கூடும் என்ற நினைப்பு. சேறும் தார்ப்பாயுமாக இருந்த சந்தையில், தையல் இயந்திரத் தலைகளுக்கும் கடிகாரப் பெட்டிகளுக்கும் நடுவே ஒரு தேக்குப் பெட்டி திறந்திருந்தது. உள்ளே முழங்கை நீளத்துக்கு ஒரு பித்தளைக் கைப்பம்பு, ஒரு கண்ணாடிக் குழாய், பொடிந்துபோன ரப்பர்க் குழாய். மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த ஆங்கிலக் காகிதத்தில், இது ஒளியியல் கருவிகளின் உள் ஈரத்தை உலர்த்துவதற்கானது என்ற வரி முழுதாக இருந்தது. எப்படி உலர்த்துவது என்ற பகுதியைக் கரையான் படித்துச் செரித்துவிட்டிருந்தது.

இது வேலை செய்யுமா என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"மில்ட்ரி ஐட்டம் சார். ஷோகேஸ்ல வெச்சிகினா ஷோக்கா கீது."

"இன்னும் வேலை செய்யுமான்னு கேட்டேன்."

"இன்னா வேலைன்னு நீ சொல்லு, செய்யுமான்னு நான் சொல்றேன்."

நான் காகிதத்தைப் படித்து, மொழிபெயர்த்து, விளக்கினேன். பைனாகுலருக்குள் ஈரம் என்றதும் அவர் மழையை அண்ணாந்து பார்த்தார். ஊரே நனைந்துகொண்டிருக்கையில் இதை மட்டும் உலர்த்தி என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டார். ஆனாலும் பேரம் படிந்தது. பெட்டியைச் சட்டைக்குள் வைக்க முடியாததால் குடையை அதன் மேல் பிடித்துக்கொண்டு மின்சார ரயிலேறினேன்.

பெட்டியைச் சீராக்க மூன்று நாள் பிடித்தது. பம்பின் உள்ளே இருந்த தோல் வாஷர் அப்பளம்போல் உடைந்தது; சைக்கிள் கடையில் புதிய வாஷர் வாங்கி, ஓர் இரவும் ஒரு பகலும் விளக்கெண்ணெயில் ஊறப்போட்டேன். ரப்பர்க் குழாய்க்குப் பதில், மருந்துக் கடையில் குளுக்கோஸ் ஏற்றும் குழாய் வாங்கினேன். பைனாகுலரின் ஒவ்வொரு குழலிலும் இரண்டு சிறு திருகாணிகள் உண்டு. அவற்றைக் கழற்றினால் ஒரு துளை காற்று நுழைய, மற்றது வெளியேற. குழாயை அந்தத் துளையில் பொருத்த ஒரு சின்னப் பித்தளை மூக்கு கடைய வேண்டியிருந்தது. என்னோடு பள்ளியில் படித்தவன் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் போனேன்.

"லாரி பார்ட்டு கேட்டு வருவாங்க, பம்புசெட்டு பார்ட்டு கேட்டு வருவாங்க. நீ இன்னாடான்னா கொக்கு பாக்குறதுக்கு பார்ட்டு கேக்குற மச்சான்," என்றான். ஆனால் மூக்கைக் கச்சிதமாகக் கடைந்து கொடுத்தான்.

கண்ணாடிக் குழாயில் நிரப்ப சிலிக்கா மணிகளை பாரிமுனையில் ஒரு ரசாயனக் கடையில் வாங்கினேன். மாத்திரைப் புட்டியில் பொட்டலமாக வருமே, அதே பொருள். இவை நீல நிறத்தவை. ஈரத்தைக் குடிக்கக் குடிக்க இளஞ்சிவப்பாகும். வாணலியில் வறுத்தால் ஈரம் போய் மறுபடியும் நீலமாகும். வாணலிக்கு அம்மாவின் அப்பளச் சட்டிதான் கிடைத்தது. அந்த நீலச் சாயம் உடலுக்கு ஆகாதது. இனி இந்தச் சட்டியில் எதையும் சமைக்கக் கூடாது என்று பொறுப்போடு எச்சரித்தேன். சட்டியை எடுப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டிய எச்சரிக்கை அது என்று அம்மா அபிப்பிராயப்பட்டாள். அந்த மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் அப்பளம் பொரித்ததாக இல்லாமல் சுட்டதாகவே இருந்தது.

கடைசியாகப் பம்பை மெருகேற்றினேன். புளி போட்டுத் தேய்த்தேன். போதாமல் உப்புத்தாள் கொண்டு தேய்த்தேன். ஒரு கீறல்கூட மிஞ்சவில்லை. அதைப் பெருமையாகக் கூடத்து மேசையில் வைத்தபோது, கும்பாபிஷேகத்துக்கு நாள் பார்த்தாயிற்றா என்று அக்கா கேட்டாள்.

பம்பில் இரண்டு வாய்கள் இருந்தன. ஒன்று காற்றை ஊதும், மற்றது இழுக்கும். எதைப் பைனாகுலரோடு இணைப்பது? நான் நெடுநேரம் யோசித்தேன். ஊதினால் உள்ளே அழுத்தம் கூடும். ஐம்பது ஆண்டுப் பழைய கண்ணாடிகள் இடம் பெயரலாம். ஈரத்தை வெளியேற்றுவதுதான் நோக்கம் என்றால், இழுப்பதே நியாயமானது, மென்மையானதும்கூட. எனவே இழுக்கும் வாயை இணைத்தேன். பைனாகுலருக்குள்ளிருந்து வரும் காற்று முதலில் மணிகள் வழியாகவும் பிறகு பம்பு வழியாகவும் வெளியேறும். அறுநூறு முறை இழுத்தேன். மணிகள் ஓரத்திலிருந்து மெல்ல மெல்லச் சிவந்தன.

அந்த மகிழ்ச்சியை நான் மறைக்க விரும்பவில்லை. பைனாகுலரின் ஈரம் கண்முன்னே வெளியேறிக்கொண்டிருந்தது. அம்மாவை அழைத்துக் காட்டினேன். பக்கத்து வீட்டாரை அழைத்துக் காட்டினேன். காலையில் அறுநூறு, மாலையில் அறுநூறு. ஒவ்வொரு முறையும் மணிகள் சிவந்தன. ஒவ்வொரு முறையும் வறுத்தேன். எவ்வளவு ஈரம் வெளியேறுகிறது என்பதற்கு ஆதாரம் வேண்டுமென்று, தெருமுனை நாட்டு மருந்துக் கடையின் சிறு தராசில் மணிகளை முன்னும் பின்னும் நிறுத்து நோட்டில் எழுதினேன். கடைக்காரர் அது என்ன சூரணம், எந்த வியாதிக்கு என்று கேட்டார். மங்கலுக்கு என்றேன். கண்ணுக்கா என்றார். ஒருவகையில் ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

ஆறு நாள் இப்படிப் போயிற்று. ஒரே ஒரு குறைதான் இருந்தது. பைனாகுலர் தெளியவில்லை. முதலில் நீர்மோராக இருந்தது, இப்போது தயிராக இருந்தது. உள்ளே ஆழத்தில் இருந்த ஈரம் மேலே வருவதால் அப்படித் தெரிகிறது என்று விளக்கம் சொன்னேன். நோய் முற்றித்தான் தணியும் என்றும் சொன்னதாக அக்கா பிற்பாடு சாட்சியம் கூறினாள்; எனக்கு நினைவில்லை.

சரிபார்ப்புக்கு நான்கு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முற்பகல். அக்கா என் நோட்டை எடுத்து, நான் எழுதிவைத்த எடைகளைக் கூட்டினாள். பிறகு சமையலறைக்குப் போய், மருந்து ஊற்றும் அளவுக் குப்பியால் தண்ணீரை அளந்து அளந்து ஒரு டம்ளரில் ஊற்றி எடுத்து வந்து, பைனாகுலருக்குப் பக்கத்தில் வைத்தாள். அரை டம்ளர் இருந்தது.

"இது நீ இதுவரைக்கும் அதுக்குள்ளேருந்து எடுத்த தண்ணி. உன் நோட்டுல இருக்கிற அளவுதான்."

பார்த்தேன்.

"இவ்வளவு தண்ணி இதுக்குள்ள இருந்திருந்தா நீ பறவையை எண்ணியிருக்க மாட்டே. மீனைத்தான் எண்ணியிருப்பே."

நான் வாய் திறக்குமுன் அவளே மேலே கேட்டாள். ஒரு துளை வழியாக நீ காற்றை இழுக்கிறாய். அந்தக் காற்று மற்றத் துளை வழியாக எங்கிருந்து உள்ளே வருகிறது?

ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அது வரும் இடம் அங்கேதான். ஆறு நாளும், வேளைக்கு அறுநூறு முறை, நான் தாம்பரத்தின் மழைக்காற்றைப் பைனாகுலருக்குள் இழுத்து, உள்ளே ஈரம் படியவைத்து, மிச்ச ஈரத்தை மணிகளில் பிடித்து, நிறுத்து, எழுதிவைத்திருந்தேன். நான் உலர்த்திக்கொண்டிருந்தது பைனாகுலரை அல்ல, ஊரை.

அக்கா பம்பை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். ஊதும் வாய்க்கு அருகே, மெருகின் அடியில், ஒரு மெல்லிய தடம் மினுங்கியது. யாரோ ஒரு பொறுப்பான ராணுவ ஊழியர் அந்தக் காலத்திலேயே செதுக்கிவைத்த அம்புக்குறி. குழாயை இங்கே மாட்டு என்று அது சொல்லியிருக்கிறது. கீறல் என்று நினைத்து உப்புத்தாளால் நான்தான் அதைத் தேய்த்து அழித்தேன்.

குழாயை மாற்றி மாட்டினோம். இப்போது வெளிக்காற்று முதலில் மணிகள் வழியாகப் போய், அங்கே ஈரத்தை விட்டுவிட்டு, காய்ந்த காற்றாகப் பைனாகுலருக்குள் நுழைந்தது. அழுத்தம் பற்றிய என் அச்சத்துக்காக மெதுவாக ஊதினோம். அவள் நூறு, நான் நூறு. சம்பளம் வாங்குகிற கையும் வாங்காத கையும் முதன்முறையாகச் சமமாக உழைத்தன என்று அம்மா சொன்னாள். செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டுத் தொட்டியின் விளிம்பு தெரிந்தது. புதன்கிழமை அதன் மேல் உட்கார்ந்திருந்த காக்கையின் கண் தெரிந்தது.

வியாழக்கிழமை சரிபார்ப்பு. காலையில் இடது குழலில் நகத்தளவு மங்கல் மீண்டும் எட்டிப் பார்த்தது. ஊதி விரட்டினோம். வழியில் திரும்ப வந்துவிட்டால் என்ன செய்வது என்று, பெட்டியோடு நானும் கல்லூரிக்குப் போய், விலங்கியல் துறையின் தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். ஜன்னல் திறந்திருந்தது, உள்ளே நடப்பது தெரிந்தது, பேசுவது கேட்டது.

பேராசிரியர் பைனாகுலரை எடுத்தார். அதில் பொறித்த எண்ணைப் பதிவேட்டோடு ஒப்பிட்டார். ஜன்னலருகே வந்து மரத்தைப் பார்த்தார். இரண்டு கண்ணாலும் பார்த்தார், ஒவ்வொரு கண்ணாலும் பார்த்தார். பிறகு பதிவேட்டை வாய்விட்டுப் படித்தார். பல ஆண்டுகளுக்கு முன் யாரோ எழுதியிருந்த குறிப்பு: நிலை மங்கல், பயன்பாட்டுக்கு உகந்ததன்று.

 என் நோட்டில் பதினேழு காலைகளிலும் ஏரியில் பனிமூட்டம் என்று எழுதியிருந்ததற்கு அப்போதுதான் காரணம் விளங்கியது.

"ரெஜிஸ்டர்ல மங்கல்னு இருக்கு. இது பளிச்சுனு இருக்கு. அப்ப இது வேற பீஸ். பழசு எங்கம்மா?"

அக்கா பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி அந்த வரியைப் படித்தாள். பொதுவாழ்வில் நேர்மை குறித்துப் பல கூட்டங்களில் நான் பேசியிருக்கிறேன். அவள் படித்து முடிப்பதற்குள், பெஞ்சில் உட்கார்ந்தபடியே, உண்மையைச் சொல்லாமல் தப்பிக்க மூன்று வழிகளை யோசித்துவிட்டேன். மூன்றும் நல்ல வழிகள்.

"இதுதான் சார் பழசு. பர்மிஷன் வாங்காம வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். மழையில நனைஞ்சுது. காய வெச்சோம். ஏற்கெனவே இருந்த மங்கலும் சேர்ந்து போயிடுச்சு போல."

எப்படிக் காயவைத்தீர்கள் என்று கேட்டார். வெளியே பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறான் என்றாள். என்னை உள்ளே அழைத்தார்கள். நான் பம்பை மாட்டி ஊதிக் காட்டினேன். அவர் குழாயின் நுனியில் விரல் வைத்துப் பார்த்தார். விரல் எலும்புகளை எண்ணியவர், மணிகளையும் எண்ணிவிடுவாரோ என்று பயந்தேன். எண்ணவில்லை. புவியியல் துறையில் ஓர் அலமாரி நிறைய நில அளவைக் கருவிகள் மங்கிக் கிடக்கின்றன, அவற்றுக்கும் இது ஆகுமா என்று மட்டும் கேட்டார். காற்று நுழைய துளை இருந்தால் ஆகும் என்றேன்.

பிறகு அக்காவிடம் தணிந்த குரலில், பழுதுபார்க்க எடுத்துச் செல்வதாக ஒரு கடிதம் எழுதி, போன மாதத் தேதியைப் போட்டுக் கொடுத்துவிடுங்கள், விஷயம் முடிந்தது என்றார். நான் நிம்மதியாக மூச்சுவிட்டு, பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

அவள் என் பேனாவை வாங்கிக்கொண்டாள். "இன்னிக்குத் தேதி போட்டே எழுதறேன் சார்," என்றாள்.

பேராசிரியர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இவர் உங்கள் அண்ணனா என்று கேட்டார். தம்பி என்றாள். அது தெரிகிறது என்பதுபோல் தலையசைத்துவிட்டு, அடுத்த பொருளுக்குப் போனார்.

இரண்டு வாரம் கழித்துக் கல்லூரியிலிருந்து ஒரே உறையில் மூன்று தாள்கள் வந்தன. அக்காவுக்கு முன்பே உறையைப் பிரித்துப் படித்தவன் நான்தான். முதல் தாள், அனுமதியின்றிக் கல்லூரிப் பொருளை வெளியே கொண்டுசென்றதற்கு விளக்கம் கேட்டது. இரண்டாவது, அவள் பணியை அடுத்த செமஸ்டருக்கு நீட்டித்தது. மூன்றாவது, புவியியல் துறையின் ஒன்பது கருவிகளை உலர்த்துவதற்காக அவள் வீட்டுக்குக் கொண்டுசெல்லலாம் என்று அனுமதித்தது. மூன்றிலும் இருந்தது கல்லூரி முதல்வர் ஒருவரின் கையெழுத்தே.

விளக்கத்தை நானே எழுதித் தருவதாகச் சொன்னேன். குற்றம் என்னுடையது அல்லவா? நான்கு பக்கம் எழுதினேன். ஏரியின் நிலை, மனுவின் அவசியம், மழை, என் பிழை, அவளுடைய நல்லெண்ணம், ஒன்றும் விடவில்லை. அக்கா முழுவதையும் படித்தாள். பிறகு ஒரு வெள்ளைத் தாளில் இரண்டே வரி எழுதினாள். அனுமதி பெறாமல் எடுத்துச் சென்றேன், நனைத்துவிட்டேன், உலர்த்திக் கொண்டுவந்து சேர்த்தேன், தவற்றுக்கு வருந்துகிறேன்.

நான் எங்கே என்று கேட்டேன்.

"காலேஜ் வழங்கல் நோட்டுல கையெழுத்து யாரோடது?"

"உன்னோடது."

"அப்ப மழையில நின்னதும் நான்தான்," என்று சொல்லி, தாளை மடித்து உறையில் போட்டாள். என் நான்கு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு, அதற்குள் கூடத்து மேசையில் வந்து இறங்கியிருந்த ஒன்பது கருவிகளுக்கும் அடியில் பரப்பி விரித்து வைத்தாள். மேசையில் கீறல் விழக் கூடாதாம்.